சோனகத் தெருவில் இளையோர் தொண்டுப் பணி: எவ்வாறு ஆயத்தம் செய்வது?

கேள்வி:
எமது தேவாலயப் பங்கின் இளையோர் யாழ். சோனகத் தெருவில் சில நாட்கள் தங்கி, மீளத் திரும்பிய குடும்பங்களின் வீடுகளைத் திருத்தவும் வடிகால்களைத் துப்புரவாக்கவும் விரும்புகின்றனர். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இங்கிருந்து வெளியேற்றப்பட்டதை இவர்களிற் பலர் அறியார். எவ்வகை ஆயத்தம் தேவை?

பதில் 1:
முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்தினரைச் சந்தித்து, என்ன வேலை வேண்டுமென்று அவர்களிடமே கேளுங்கள். வடிகால் துப்புரவு மாநகர சபையின் கடமை. அதை இளையோர் செய்து முடித்தால் சபை கைகழுவிவிடும் என்பதால், குடியிருப்பாளர்களுடன் சேர்ந்து முறைப்பாட்டுக் கடிதம் கையளிப்பதே மேல்.

பதில் 2:
வெளியேற்றத்தின் பின் புத்தளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பியோருள் சிலருக்குக் கூரையைவிடத் தொலைந்த காணி உறுதியே பெரும் சிக்கல். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, காணிப் பதிவகத்துக்குக் கூடச் செல்ல இருவர் போதும். முகநூலுக்குப் படமெடுப்பதை அறவே தவிருங்கள்.

பதில் 3:
வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் வேலை வைக்காதீர்கள். மதிய உணவை அங்குள்ள கடைகளிலேயே வாங்குங்கள். மூத்தோர் தாம் வெளியேற்றப்பட்ட நாளைப் பற்றித் தாமாகவே பேசினால், "நாங்களும் இழந்தோம்" என்று இடைமறிக்காமல் கேட்க இளையோரைப் பழக்குங்கள். அந்தப் பதில் எம்மவர் வாயில் உடனே வருவதைப் பலமுறை கேட்டு வருந்தியிருக்கிறேன்.