50 பவுண்டு ஹிக்கரி வில், அம்பு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

டொராண்டோக்காரன்:
ஹிக்கரி மரப் பலகையில் நானே செதுக்கிய நீள வில், 70 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் தராசு 50 பவுண்டு காட்டுகிறது. நண்பரின் குரோனோகிராஃபில் (அம்பின் வேகத்தை அளக்கும் கருவி) விட்டுப் பார்த்தால் விநாடிக்கு 130 அடியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. 150 வரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அம்பின் எடை 600 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 39 கிராம். நாணைக் கழற்றினாலும் முனைகள் இரண்டரை அங்குலம் உள்பக்கம் வளைந்தே நிற்கின்றன. மரத்தில் கோளாறா, என் கையிலா?

நாணேற்றி:
முதலில் அந்த 150 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 10 கிரெயின் அம்பு, முழு 28 அங்குல இழுப்பு, அப்போது இழுவிசையோடு 100ஐக் கூட்டினால் வருவதுதான் நல்ல மரவில்லின் வேகம், அதுவும் குத்துமதிப்பாக. உங்கள் அம்பு பவுண்டுக்கு 12. இதே வில்லில் 500 கிரெயின் விட்டால் 140 பக்கம் போகும். அப்புறம், தராசில் மாட்டி இழுப்பது வேறு, குறி பார்த்து இழுப்பது வேறு. அம்பில் 28இல் ஒரு டேப் ஒட்டி, பக்கத்தில் யாரையாவது நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரமரம்:
எனக்கு அந்த இரண்டரை அங்குலம்தான் உறுத்துகிறது. ஹிக்கரி லேசில் உடையாது, ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். ஈரமாக இருக்கும்போது வளைத்து வளைத்துச் சீவினால் வயிற்றுப்பக்க (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) நார்கள் நசுங்கி அப்படியே நின்றுவிடும், வில் சோம்பலாகிவிடும். பேஸ்மென்ட்டில் வைத்திருக்கிறீர்களா? உலர்ந்த அறைக்கு மாற்றி, சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்ற பிறகு வேகத்தை அளக்கலாம். நசுங்கியது முழுவதும் திரும்பாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

டொராண்டோக்காரன்:
பேஸ்மென்ட்தான்! டேப் ஒட்டிப் பார்த்தோம், எய்யும்போது 26க்கு மேல் வரவில்லை. முனை அகலம் 20 மில்லிமீட்டர், மேரி ரோஸ் வில் மாதிரி தடிமனாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நாணேற்றி:
26 என்றால் கிட்டத்தட்ட 5 பவுண்டு அங்கேயே போச்சு, நாண் அம்பைத் தள்ளும் தூரமும் குறைவு. அந்தக் கணக்கில் 130 மோசமே இல்லை. மேரி ரோஸ் 1545இல் மூழ்கிய போர்க்கப்பல், அதில் கிடைத்த யூ மர வில்களுக்கு 100 முதல் 185 பவுண்டு வரை மதிப்பிடுகிறார்கள். கனமான போர் அம்பை எறியச் செய்தவை. அந்தக் கனம் 50 பவுண்டு வில்லுக்கு எதற்கு? நாணை விட்டதும் அதிக வேகத்தில் ஓடுவது முனைகள், அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்னும். கடைசி எட்டு அங்குலத்தில் பக்கவாட்டில் மட்டும் சீவி 12 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். முதுகை, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தை, தொடவே வேண்டாம்.

ஈரமரம்:
உலர்ந்த பிறகு சீவுங்கள், முன்னாடி வேண்டாம். சீவியதும் வில்லின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சமமாக வளைகிறதா என்று சுவரில் மாட்டி இழுத்து, போட்டோ போடுங்கள்.