லோகோ சாம்பிள் வாங்கிட்டுக் காணாமப் போறவங்க: டிசைனர்களே, பார்த்ததைப் போடுங்க

கோரல்காரன்

ஜவுளிக்கடை ஒண்ணு. திறப்பு விழாவுக்கு 20 நாள் இருக்கும்போது லோகோவுக்கு நாலு டிசைனர்கிட்ட ஒரே நேரத்துல கேட்டிருக்காங்க. "சாம்பிள் ஒண்ணு காட்டுங்க, பிடிச்சா வேலை உங்களுக்குத்தான்." நாலு பேரும் அனுப்பினாங்க. நாலு பேருக்கும் வந்த பதில், "பார்ட்னர்கிட்ட கேட்டுச் சொல்றோம்." போர்டு ஏறின அன்னிக்குப் பார்த்தா ரெண்டாவது ஆளோட எழுத்து, நாலாவது ஆளோட மயில். இன்னும் கிட்டப் போனா, கடைப் பேர்ல இருக்கற 'ழ'வோட வால்ல பொடிசா ஒரு சாய்வு வெட்டு. சாம்பிள் படத்துல, திருடாம இருக்கக் குறுக்கே போட்டிருந்த வாட்டர்மார்க் எழுத்து போன தடம் அது! டிரேஸ் போட்ட, அதாவது படத்தை அப்படியே நகல் வரைஞ்ச பையன் சுத்தம் பண்ண மறந்துட்டான்.

வாட்டர்மார்க்கை நம்பாதீங்கன்னு சொல்லத்தான் இது. ரெண்டு கலர் லோகோன்னா டிசைன் சாஃப்ட்வேர் இருக்கே, கோரல்ல பவர்டிரேஸ், இல்லஸ்ட்ரேட்டர்ல இமேஜ் டிரேஸ், அஞ்சு நிமிஷ வேலை. வெள்ளையில கறுப்பா, நேர்ப்பார்வையில லோகோவை அனுப்பவே கூடாது. கடை முகப்பு போட்டோவுல சாய்வா ஏத்தி, மேல கொஞ்சம் நிழல் விழற மாதிரி வெச்சு அனுப்புங்க. கோணலை நிமிர்த்தி நிழலைப் பிரிக்கறதுக்குள்ள பையனுக்குப் பொறுமை போயிடும். அதுவும் 50% அட்வான்ஸ் வந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி பழைய வேலைகளைக் காட்டினாப் போதும்.

ஆஃப்செட் மாமா

தம்பி சொன்னது லோகோவுக்குச் சரி. விசிட்டிங் கார்டுல கதை வேற. "72 டிபிஐலதான் அனுப்பினேன், பிரிண்ட் போக முடியாது"ன்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க. டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு, ஃபைல் மேல ஒட்டின சீட்டு மாதிரி. எண்ண வேண்டியது பிக்சலை. 3.5க்கு 2 இஞ்ச் கார்டு 300 டிபிஐல அடிக்க 1050க்கு 600 பிக்சல் போதும். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பற படமே நீளவாக்குல 1600 பக்கம் வரும். "சும்மா பார்க்க"ன்னு அனுப்பினதை வெச்சே ஆயிரம் கார்டு அடிச்சிருக்காங்க. பிரஸ்ஸுக்கு வந்த ஃபைல் பேரே 'வாட்ஸ்அப் இமேஜ்'னு தேதி, நேரத்தோட இருந்துச்சு. "டிசைனர் ஊர்ல இல்ல, இதையே போட்ருங்க"ன்னாரு கொண்டு வந்தவர்.

சரிபார்க்க அனுப்பற படம் 500 பிக்சல் அகலம் தாண்டக் கூடாது. போன் நம்பர் இருக்கற இடத்துல பத்து பூஜ்யம் வைங்க, திருடி அடிச்சாலும் உதவாது. இன்ஸ்டா போஸ்டருக்கு இந்த வித்தை செல்லாது. 1080 பிக்சல் அகலம்தான் ஃபைனலே, காட்டினாலே கொடுத்த மாதிரி. அதுக்கு மாசப் பணத்தை முன்கூட்டி வாங்கறதைத் தவிர வழி இல்ல.

லேஅவுட் அக்கா

அட்வான்ஸ் வாங்கச் சொல்றீங்க. அட்வான்ஸ் தர்றேன்னு வர்றவங்களை விட்டுட்டீங்களே? ராணுவ அதிகாரின்னு பேசுவான், யூனிட் விழாவுக்கு பேனர்னு சொல்லுவான், பேரமே பேச மாட்டான். அங்கேயே உஷாராகணும், பேரம் பேசாத வாடிக்கையாளர் நம்ம ஊர்ல ஏது? "அக்கவுன்ட் சரியான்னு பார்க்க 1 ரூபாய் அனுப்பறேன்"னு அனுப்புவான், வந்துடும். அடுத்து ஒரு க்யூஆர். "ஸ்கேன் பண்ணுங்க, 15,000 ஏறிடும்." ஸ்கேன் பண்ணினா யுபிஐ பின் கேக்கற திரை வரும். அந்த ஒரு நொடிதான் எல்லாமே. பணம் *வர்றதுக்கு* பின் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். போயிடுச்சுன்னா வெக்கப்படாம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க.

வெளிநாட்டு மாடல் ஒண்ணு இருக்கு. "கார்டுல கூடுதலாப் போட்டு விடறேன், மிச்சத்தை விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கற ஆளுக்கு அனுப்பிடுங்க"ம்பான். கார்டு திருட்டுக் கார்டு. கார்டோட நிஜ உரிமையாளர் புகார் கொடுத்ததும் வந்த மொத்தமும் திரும்பிப் போயிடும், நீங்க அனுப்பின மிச்சம் மட்டும் திரும்பாது. வெளிநாட்டுப் பணம் வாங்கற பேபால்ல, பணத்தைத் திரும்பக் கேட்டு 180 நாள் வரைக்கும் டிஸ்ப்யூட் போடலாம்ங்கறதை மறக்காதீங்க.

அப்புறம் பாஸ்வேர்ட் போட்ட ஜிப்ல 'பிராண்ட் கைடு' வந்தா திறக்காதீங்க. மெயில் சர்வீஸ் உள்ளே இருக்கற வைரஸைப் பார்த்துடக் கூடாதுன்னுதான் அந்தப் பாஸ்வேர்டே. விண்டோஸ்ல ஃபைல் பேரோட கடைசியில வர்ற எக்ஸ்டென்ஷனைக் காட்டற வசதியை ஆன் பண்ணுங்க. பிடிஎஃப் படம் போட்டிருக்கற ஃபைல் .எஸ்சிஆர்னு முடியும், அது பிடிஎஃப் இல்ல, புரோகிராம்.

மூணாவது கரெக்‌ஷன்

கோரல், 50%னு சுலபமாச் சொல்லிட்டீங்க. சின்ன ஊர் மளிகைக் கடைக்காரர், முகம் தெரியாத ஆளுக்குப் பாதி பணம் முன்னாடியே தருவாரா? 30-40-30 எடுபடுது. ஆரம்பிக்க 30, ஒரு டிசைனைப் பிடிச்சிருக்குன்னு சொன்னதும் 40, கடைசி 30 வந்தாத்தான் ஃபைல். டிசைன் பிடிச்ச பிறகு ஓடினாலும் 70 கையில இருக்கும், உங்க கணக்குல 50தான்.

ஆனா பணம் ஓட்டை போடறது ஏமாத்தறவன்கிட்ட மட்டும் இல்ல, கரெக்‌ஷன்ல. "கலர் மட்டும் மாத்துங்க", மறுநாள் "ஃபான்ட் மட்டும்", அதுக்கு மறுநாள் முதலாளியோட மச்சான் உள்ளே வருவாரு, எல்லாம் முதல்லேர்ந்து. முதல் மெசேஜ்லயே மூணு விஷயம் போகணும். ரெண்டு சுற்றுதான் விலைக்குள்ள. ஒரு சுற்றுன்னா எல்லார் கருத்தும் சேர்ந்த ஒரே மெசேஜ். ஓகே சொல்ற ஆள் யாருன்னு பேரைப் போட்டுடுங்க. அவங்க "சரி"ன்னு பதில் போடற வரைக்கும் சாஃப்ட்வேரையே திறக்காதீங்க. மச்சான் வந்தா மூணாவது சுற்று, தனி ரேட்டு.

வரவு செலவு

இதெல்லாம் கடைக்காரங்க. கம்பெனிக்காரங்க ஏமாத்தறது இன்வாய்ஸ்ல. வேலை முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு அக்கவுன்ட்ஸ்ல இருந்து ஒரு வரி வரும்: "வென்டார் ரெஜிஸ்ட்ரேஷன் நிலுவையில் உள்ளது." அதாவது உங்களை சப்ளையராப் பதிவே பண்ணலையாம், அதனால பணம் இல்ல. அவ்வளவுதான் அனுபவம். இனி கேளுங்க.

சிறு தொழில்களுக்கான அரசோட உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் நம்பரும் போதும். வேலைக்கு *முன்னாடியே* எடுத்து, நம்பரை இன்வாய்ஸ்ல போடுங்க. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் 15ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது, இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. சின்ன நிறுவனத்துக்குக் காலம் தாண்டி வருஷக் கடைசியிலும் பாக்கி வெச்சா, அதை அந்த வருஷ வருமான வரியில செலவாக் காட்ட முடியாதுங்கற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டுலேர்ந்து இருக்கு. மார்ச் மாசம் இதைச் சுட்டிக்காட்டி அக்கவுன்ட்ஸுக்கு ஒரு மெயில் போடுங்க, சட்டுனு நகரும்.

செக் கொடுத்தா தேதியிலேர்ந்து 3 மாசத்துக்குள்ள போடணும். திரும்பினா பேங்க் மெமோ கிடைச்ச 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது கிடைச்சதுலேர்ந்து பணம் கட்ட அவங்களுக்கு 15 நாள், அதுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டு. ஒரு தேதி தவறினாலும் கேஸ் ஆட்டம் கண்டுடும். டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கற வருமான வரி) பிடிச்சோம்னு சொன்னா, உங்க பேர்ல கட்டின வரியைக் காட்டற 26ஏஎஸ்ல ஏறியிருக்கான்னு பாருங்க, பிடிச்சுட்டுக் கட்டாத மகராசன்களும் உண்டு.

ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல் கேட்டா? விலையில சேர்ந்ததுன்னு நீங்க எழுதலைன்னா தனி விலை சொல்லுங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாத்திக் கொடுக்கறது கையெழுத்தோட எழுத்துல இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம், எங்கேன்னு எழுதலைன்னா இந்தியா. அதனால "முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்"னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.

லேஅவுட் அக்கா

சார், சட்டம் யாரும் கேக்கல. ஆனா மார்ச் மெயிலை எடுத்து வெச்சுக்கறேன். கோரல், அந்த 'ழ' போர்டு இன்னும் இருக்கா?

கோரல்காரன்

இருக்கு. தீபாவளிக்குக் கட்டைப்பை அடிச்சாங்க. பையிலயும் அதே வெட்டு.