மலைக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்: எங்கள் காரில் பி0171 வந்தபோது

குன்னூரில் செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0171 (எஞ்சின் கலவை லீன் என்று சொல்லும் கோளாறு கோட்) வந்தால் முதலில் காதில் விழுவது, "மேலே காத்து கம்மி சார், அதான் லீன் காட்டுது" என்பதுதான். எங்கள் வண்டிக்கும் அதையே சொன்னார்கள். கொஞ்சம் யோசித்தால் போதும், இது தலைகீழ் என்று தெரிந்துவிடும். லீன் என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஊட்டியில் காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அப்படிப் பார்த்தால் கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகத்தான் போக வேண்டும். கார்புரேட்டர் வண்டிகள் மலையேறியதும் கறுப்புப் புகை விட்டதற்குக் காரணம் அதுதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) காற்றை அளந்து பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடும். அதனால் லீன் கோட் வந்தால் உயரத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

எங்கள் கார் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் வண்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ளது. டிசம்பர் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், சூடானதும் அடங்கிவிடும். மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ச் சில நாள் கீழேயே ஓட்டினால் லைட்டும் அணைந்துவிடும். மேலே வந்தால் திரும்ப எரியும். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் உயரம் என்றார்கள். ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்கள். குறையைக் காட்டிக்கொடுக்கிற சென்சாரை மாற்றிக் குறை எப்படிப் போகும்? நான் சம்மதிக்கவில்லை.

வெலிங்டன் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே ஸ்கேனரை மாட்டி, பெட்ரோலை ஈசியூ எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம்மைத்தான் பார்த்தார். இராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி, எஞ்சின் இன்னும் முழுசாகச் சூடேறவில்லை. ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 19. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தார், மெல்ல இறங்கி 4க்கு வந்து நின்றது. "தம்பி, வெளிக்காத்து எங்கேயோ உள்ளே போகுது. பெட்ரோல் பக்கம் கோளாறு இல்லை" என்றார்.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் சென்சாருக்குத் தெரியாமல் ஓட்டை வழியாக நுழையும் காற்று பெரிய பங்காகிவிடும். மிதித்தால் மொத்தக் காற்று பெருகும், ஓட்டைக் காற்றின் பங்கு சுருங்கிப்போகும். ட்ரிம் பிளஸ்ஸில் ஏறுகிறது என்றால் ஈசியூ அத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்று பொருள். 5 வரைக்கும் கவலை இல்லை. 20, 25 பக்கம் போனால்தான் பெரும்பாலான வண்டிகளில் லைட் எரியும்.

அப்புறம் எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே எடுக்கும் பிசிவி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தார். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வளைவின் அடிப்பக்கம் விரலை வைத்து லேசாக மடக்கியதும், நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. கட்டை விரலால் அதை அழுத்தி மூடினார், தடுமாறிய ஐடில் அப்படியே சமன் ஆனது. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு திறக்கும், சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் லைட் அணைந்த ரகசியம் இதுதான், உயரமே இல்லை. புது ஹோஸ் போட்டு, கோட்டை அழித்துச் சில நாள் ஓட்டியதும் ட்ரிம் 3க்குள் வந்து நின்றது.

கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணனின் வண்டிக்கும் இதே கோட்தான், ஆனால் எண்கள் நேர்மாறு. ஐடிலில் ட்ரிம் ஒழுங்கு. அரவேணுவிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்தால் மட்டும் 20ஐத் தாண்டும், பிக்கப்பும் செத்துவிடும். அவரும் ஹோஸ் ஹோஸாகத் தேடிக்கொண்டிருந்தார். ஃப்யூயல் பிரஷர் பார்க்கச் சொன்னேன். பம்ப் தளர்ந்து, டேங்க்கினுள் இருக்கும் ஃபில்டரும் அடைத்திருந்தது. எம்ஏஎஃப் சென்சார் கம்பியில் தூசி படிந்தாலும் இதே மாதிரி லோடில்தான் ஏறும். அதற்கு எம்ஏஎஃப் கிளீனர் அடித்து உலர விட்டால் போதும், துணியால் துடைக்கவே கூடாது.

மலைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். வேக்கம் கேஜ் (இன்டேக்கில் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி) மாட்டிப் பார்ப்பவர்கள் புத்தக அளவை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். கீழே 18 முதல் 21 வரை காட்டும் நல்ல எஞ்சின், குன்னூரில் ஆறு அங்குலம் குறைவாகத்தான் காட்டும். அதை லீக் என்று முடிவு கட்டினால் நல்ல கேஸ்கெட்டைப் பிரித்துப் போடுவார்கள். அதேபோல் பர்லியாறு இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட் காட்டுகிறதே என்று பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும், லீன் காட்டத்தான் செய்யும்.

பழைய வண்டிக்காரர்கள் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஒரு பங்கு சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால், இ20க்கு 13.5 பக்கம்தான். ஏற்கெனவே ட்ரிம் பிளஸ் 15இல் முக்கிக்கொண்டிருந்த வண்டி, இதனாலேயே எல்லையைத் தாண்டிவிடும். பங்க்கைக் குறை சொல்லும் முன் அந்தப் பழைய 15 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். தேடுவதைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே தொடங்குங்கள். எட்டு மணி வெயில் பட்டுவிட்டால் எங்கள் ஹோஸ் போன்ற வெடிப்பு கையில் சிக்காது.