இலையுதிர் காலத்துக் கீரையில் நம்ம ஊர்க் கடைசல்

காங்கயம், இப்போது லீட்ஸ்:

செப்டம்பரில் இங்கிலாந்துக்கு வந்தேனுங்க. சூப்பர் மார்க்கெட்டில் பாலக்கைத் தவிர நமக்குத் தெரிந்த கீரை எதுவும் இல்லை. ஆசியக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்குது, ஆனா விலை கட்டுபடியாகலைங்க. வாரம் நாலு நாள் கீரை கடைந்து சாப்பிட்டே பழகினவள் நான். என்ன பண்றதுங்க?

கோபி, முன்பு பர்மிங்காம்:

தங்கச்சி, ஊர்க் கீரையைப் பெயர் சொல்லித் தேடுவதை முதலில் விடுங்க. இங்கே கோபிசெட்டிபாளையத்தில் புரட்டாசி மழைக்குக் காட்டில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் தலைகாட்டுகிற அதே நேரத்தில் அங்கேயும் கீரை அறுவடைதான். கேல் (கோஸ் இனத்து முரட்டுக் கீரை), சார்டு (பீட்ரூட் இலை மாதிரி), லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி), சவாய் கோஸ் (சுருக்க இலைக் கோஸ்) எல்லாம் அக்டோபர், நவம்பரில் உள்ளூர் வயலிலிருந்தே வரும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்க: இளசா, முரடா, தண்டு தேறுமா? அதை வைத்து, கடைவதா பொரிப்பதா என்று முடிவு பண்ணலாம்.

சார்டிலிருந்து தொடங்குங்க. பீட்ரூட்டும் அதுவும் ஒரே இனம், பாலக்கும் நம்ம தண்டுக்கீரையும் அதே குடும்பம். அதனால் வாய்க்கு அந்நியமாக இருக்காது. இலையைத் தனியாக, தண்டைத் தனியாகப் பிரித்துவிடுங்க. இலையோடு ஒரு கை சின்ன வெங்காயம் (அங்கே ஷேலட் என்று விற்பார்கள்), நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு தக்காளி, அரை ஸ்பூன் சீரகம். இலையில் ஒட்டியிருக்கும் ஈரமே கிட்டத்தட்டப் போதும், சும்மா தண்ணீரை ஊற்றாதீங்க. வெந்ததும் உப்புப் போட்டு, உருளைக்கிழங்கு மசிக்கிற மாஷரால் கடையுங்க. மத்து இல்லை என்பதற்காக மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீங்க, கடைசல் போய்க் கொழகொழவென்று பசை வரும். கடலை எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் சோத்துக்குப் போதும். மிஞ்சின தண்டைப் புளிக்குழம்பில் போடுங்க, கூடவே தட்டப்பயறு. அது கிடைக்காவிட்டால் பிளாக் ஐ பீன்ஸ் வாங்குங்க. நம்ம தட்டப்பயறு சாதிதான், கொஞ்சம் பெரிசு.

கேல் முரடு. நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, பொடிப்பொடியாக அரிந்து, துவரம்பருப்போடு குக்கரில் வைத்தால்தான் மசியும். பச்சை நிறம் போய்விடும், போகட்டும். பனி விழுந்த பிறகு வாங்குகிற கேல் இன்னும் நல்லா இருக்கும். குளிரைத் தாங்கச் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் கசப்பு தணிந்து லேசாக இனிக்கும். பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸும் அப்படித்தான். குட்டிக் கோஸ் மாதிரி இருக்கும் அதை இரண்டாக நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுச் சட்டென்று பொரியல் பண்ணணும். அதிகம் வெந்தால் வீடே கந்தக வாடை அடிக்கும்.

அப்புறம் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி). அக்டோபர் முழுக்கக் கடை வாசலில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூசணி மலிவாகக் குவிந்து கிடக்கும். ஆசைப்படாதீங்க! அது 31ஆம் தேதி ஹாலோவீன் என்கிற பேய் வேடப் பண்டிகைக்கு முகம் செதுக்குவதற்கு வளர்த்தது. நாரும் தண்ணீரும்தான், ருசி கிடையாது. பட்டர்நட் ஸ்குவாஷ் வாங்குங்க. நம்ம அரசாணிக்காய்க்கு ரொம்ப நெருங்கின சொந்தம் அது. பொரியலுக்கு வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரவென்று பொடித்துத் தூவுங்க.

லீக்ஸ் அடுக்குக்குள் மண் இருக்கும், நீளவாக்கில் கீறிக் கழுவணும். வெங்காயத்தாள் மாதிரி வதக்கினால் சரி.

காங்கயம், இப்போது லீட்ஸ்:

ரொம்ப நன்றிங்க. இன்னொன்று: நடைபாதை ஓரம் சுக்குட்டிக்கீரை (மணத்தக்காளி) மாதிரியே ஒரு செடி, கருப்புப் பழத்தோடு நிற்குது. பறிக்கலாமுங்களா?

கோபி, முன்பு பர்மிங்காம்:

வேண்டவே வேண்டாம். சுக்குட்டி அந்த ஊரிலும் களையாக முளைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் பெல்லடோனா என்று கொடிய விஷச்செடி ஒன்றும் அங்கே உண்டு, அதன் பழமும் பளபளவென்று கருப்பு. சுக்குட்டி கொத்தாகக் காய்க்கும், அது ஒற்றை ஒற்றையாகக் காய்க்கும் என்பார்கள். அதை நம்பிப் பறித்துச் சோதிக்கிற வேலை நமக்கு எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்து ரூபார்ப் கொடுத்தாலும் புளிப்புத் தண்டை மட்டும் எடுத்துக்குங்க. அகலமா இருக்கே என்று இலையைக் கடைந்துவிடாதீங்க, அதுவும் நஞ்சு.

கீரைக்கு ஆசைப்பட்டால் மசாலா டப்பாவிலிருக்கும் வெந்தயத்தை ஊறவைத்து, ஜன்னலோரத் தொட்டியில் தூவுங்க. அது முளைத்துவிடும். கறிவேப்பிலையை மட்டும் அம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீங்க. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சை இலையைப் பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள். ஆசியக் கடை ஃப்ரீசரில் பாக்கெட்டாக இருக்கும். எண்ணெயில் போடும்போது படபடவென்று வெடிக்கும், தள்ளி நில்லுங்க. வரமிளகாய் தாளிக்கும் முன்னால் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்குங்க. இல்லாவிட்டால் புகை அலாரம் கட்டடத்தில் இருக்கிற மொத்தப் பேரையும் கீழே இறக்கிவிடும்.