பேரிங் தடத்தில் விழும் பள்ளத்துக்கு என்ன சொல்? (பிரினெல்லிங்)

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் உள்ள பழைய மேசை ரம்பத்துக்குப் பேரிங் மாற்றும் செய்முறைக்குத் தமிழ்ச்சொல் பட்டியல் முடியும் நிலையில் இருக்கிறது. தாங்கி, உள்வளையம், வெளிவளையம், ஓடுதடம் (பந்துகள் ஓடும் பாதை), பந்துக்கூண்டு வரை சிக்கல் இல்லை. 'பிரினெல்லிங்' என்ற இடத்தில் நிற்கிறது.

பேரிங் எண் 6203. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால், வழவழவென்று ஓடாமல் தட்டித் தட்டி நகரும். ஓடுதடத்தில் பந்து இருந்த இடங்களில் பள்ளம் விழுந்திருப்பதே காரணம். 'பிரினெல்லாக்கம்' என்று எழுதலாமா, 'பந்துக்குழி' போதுமா?

———

> 'பந்துக்குழி' போதுமா?

போதாது ஐயா. 'குழி'யை வேறொன்றுக்கு விட்டுவைக்க வேண்டும். நெடுநாள் ஓடிக் களைத்த தடத்தில் எஃகு செதில்செதிலாகப் பெயர்ந்து குழி விழும். அது வயதால் வருவது. நீங்கள் கேட்பதில் எஃகு பெயர்வதில்லை, அழுந்துகிறது.

பிரினெல் சுவீடன் நாட்டுப் பொறியாளர். கடின எஃகு உருண்டையை உலோகத்தின் மேல் வைத்து அழுத்தி, பதிந்த வடுவின் விட்டத்தை அளந்து கடினத்தைக் கணக்கிடும் முறையை 1900-இல் வெளியிட்டார். 10 மி.மீ. உருண்டை, 3000 கிலோ பளு. பேரிங்கின் பந்தும் தடத்தில் அதையேதான் செய்கிறது. ஆனால் அவர் பெயரை மட்டும் ஒலிபெயர்த்தால் பட்டறைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. 'அழுந்துவடு' என்பது என் பரிந்துரை. வினைத்தொகை; எப்படி வந்தது என்பதைச் சொல்லே சொல்லிவிடும்.

அது முக்கியம். ஏனென்றால் இந்த வடுவைப் பெரும்பாலும் மாற்றுகிறவர்தான் உண்டாக்குகிறார். தண்டில் இறுக்கமாக ஏற வேண்டியது உள்வளையம். கைக்கு எட்டுவது வெளிவளையம் என்பதால் அதன் மேல் சுத்தியலால் அடிக்கிறார்கள். அடி பந்துகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகிறது. 6203-இல் பெரும்பாலும் 8 பந்து. ஆகவே 45 பாகைக்கு ஒரு வடு. புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும்.

உள்வளையத்தை மட்டும் தட்டி ஏற்ற ஒரு குழாய் போதும். அரை அங்குல ஜிஐ குழாயின் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ. அதன் உட்புறத்தை லேத்தில் 17.3 வரை கடைந்து, முனையைக் குழாயின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிக்கொண்டால், 6203-இன் உள்வளையத்தின் மேல் மட்டும் உட்காரும். முக்கால் அங்குலக் குழாய் வேண்டாம், 26.9 மி.மீ. பேரிங்கின் பக்கத்தை மூடியிருக்கும் ரப்பர் மூடியில் போய் முட்டும்.

———

'அழுந்துவடு' நன்று. ஆனால் பழைய இயந்திரம் என்பதால் இன்னொரு வகையையும் பிரித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அதைப் 'பொய் பிரினெல்' என்கிறார்கள். ஓடாமல் நிற்கும் பேரிங் தொடர்ந்து அதிர்ந்தால், பந்து இம்மியளவு முன்னும் பின்னும் உரசி, இடையிலுள்ள கிரீஸ் விலகி, எஃகோடு எஃகு தேயும். கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பிய காலத்தில் சக்கரப் பேரிங்குகளில் பெரிய தொல்லையாக இருந்தது இது. வீட்டில், மாதக்கணக்கில் ஓட்டாத ரம்பத்தின் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடினாலும் வரும்.

'பொய்வடு' என்று மொழிபெயர்க்கக் கூடாது. பேரிங் உண்மையாகவே கெட்டிருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. 'அதிர்வடு' என்போம்.

பிரித்தறிய, கழற்றிய பேரிங்கின் வெளிவளையத்தை எதிரெதிரே இரண்டு இடத்தில் கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, துணி சுற்றி வைஸில் நெரித்து உடைக்கவும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மண்ணெண்ணெயில் கழுவி லென்ஸால் பாருங்கள். பள்ளத்தின் அடியில் ஆலையில் தீட்டிய கோடுகள் அப்படியே தெரிந்தால் அழுந்துவடு. கோடுகள் அழிந்து, செம்பழுப்புப் பொடி இருந்தால் அதிர்வடு.

தீர்வும் வேறு. முதலாவதற்கு மாட்டும் முறையைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்குப் பெல்ட்டைத் தளர்த்தி வைத்து, வாரம் ஒருமுறை தண்டைச் சுற்றிவிட வேண்டும், அதிரும் கருவியைத் தள்ளி வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் புதுப் பேரிங் போட்டால் அதுவும் அதே கதிதான்.

———

> 'பொய்வடு' என்று மொழிபெயர்க்கக் கூடாது

ஏற்கிறேன். இரண்டு சொற்களும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. செய்முறைப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"புல்லரால் (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) வெளிவளையத்தைப் பிடித்து இழுத்த பேரிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள்; அழுந்துவடு விழுந்திருக்கும். மரத்தூள் புகாமலிருக்க இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகை வாங்கவும். 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, தண்டில் நுழைத்து, ஆறும்வரை தண்டின் தோளோடு (பேரிங் முட்டி நிற்கும் படி) அழுத்திப் பிடிக்கவும்."

———

ஒரு திருத்தம். 100 பாகை மூடியில்லாத பேரிங்குக்குச் சரி. 2ஆர்எஸ்ஸில் ரப்பரும் உள்ளே நிரப்பிய கிரீஸும் இருப்பதால் 80-ஐத் தாண்டக் கூடாது. பர்னர் தீயில் காட்டவே கூடாது. தண்டை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் 80 பாகைச் சூடே போதும்.

உள்வளையம் தண்டின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருந்தால் முதலில் மைக்ரோமீட்டரால் தண்டை அளக்கச் சொல்லுங்கள். சென்டர் பஞ்சால் தண்டில் புள்ளி குத்தி இறுக்குவது பழைய வழக்கம். வளையம் சில முனைகளின் மேல்தான் நிற்கும், மையம் விலகும், விரைவில் மறுபடி தளரும். இடைவெளி 0.1 மி.மீ.க்குள் இருந்தால் லாக்டைட் 641 போன்ற பசை பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தண்டுக்கு உலோகம் ஏற்றிக் கடைய வேண்டும். இந்தக் கோளாறுக்கு 'வளைய வழுக்கு' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் உண்டா?