ஸ்பிரின்ட்டுக்கு ‘விரைவோட்டம்’ வேண்டாம், ‘நடை’ என்று சொல்லலாமா?

நண்பர்களே,

மென்பொருள் வேலையைச் சிறு சிறு காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்கிற ஸ்க்ரம் முறையில், அப்படி ஒரு துண்டுக்கு ‘ஸ்பிரின்ட்’ (sprint) என்று பெயர். அதற்குத் தமிழில் சொல்லப்படுகிற ‘விரைவோட்டம்’, ‘குறுவோட்டம்’ இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பந்தயத்தில் ஓடி முடித்தவன் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவான். ஸ்க்ரம்மிலோ ஒரு ஸ்பிரின்ட் முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடுகிறது. 2001இல் 17 பேர் சேர்ந்து வெளியிட்ட, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அஜைல் அறிக்கையின் கொள்கைகளிலேயே, எத்தனை காலமானாலும் தாக்குப்பிடிக்கிற சீரான வேகம் வேண்டும் என்று இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஸ்பிரின்ட் என்றாலே ராத்திரி தூக்கம் போச்சு என்றுதான் அர்த்தம். தமிழிலும் அந்த விரட்டலைக் கொண்டுவர வேண்டுமா?

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தனை நடை?” துறைமுக வாசலான ஜீரோ கேட் வரிசையில் மாட்டிக்கொண்ட நாளில் ஒரு நடைகூடத் தேறாது. பெட்டியை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தால்தான் நடை, பாதி வழியில் நிற்கிற வண்டியை அரை நடை என்று யாரும் கணக்கெழுத மாட்டார்கள். ஸ்பிரின்ட்டும் அப்படித்தானே, சோதித்து முடித்து, பயன்படுத்தக் கொடுக்கிற நிலையில் இருப்பது மட்டும்தான் கணக்கு, ‘முக்கால்வாசி முடிஞ்சது’ என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை.

காலக்கெடு இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரின்ட் அதிகபட்சம் ஒரு மாதம், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றைக்கு முடிந்தே ஆக வேண்டும். லாரி நடைக்கு அப்படி இல்லை. அதை வரையறையில் எழுதிக்கொள்ளலாம்.

பல குழுக்கள் சேர்ந்து செய்கிற பெரிய மென்பொருளுக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அப்படிப் பல குழுக்களை ஒருங்கிணைக்கிற சேஃப் (SAFe) முறையில் 50 முதல் 125 பேர் வரை ஒரே தாளத்தில் வேலை செய்கிறார்கள், 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடித் திட்டமிடுகிறார்கள். அதை அவர்கள் ரயில் என்கிறார்கள், எனக்குக் கப்பல்தான் தோன்றுகிறது: பல லாரிகளின் நடைகள் சேர்ந்து ஒரு கப்பல் நிறைகிறது, குறித்த நாளில் அது கிளம்பிவிடும், பிந்தி வந்த பெட்டி அடுத்த கப்பலில்தான். அந்த 8–12 வாரத்துக்கு ‘கப்பல் தவணை’ என்று வைக்கலாமா?

‘நடைத் திட்டம்’, ‘நடை இலக்கு’ எல்லாம் இயல்பாக வருகின்றன. ‘நடைமுறை’யோடு குழம்புமா என்று யோசித்தேன், வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழம்பவில்லை. அப்புறம், ஸ்பிரின்ட் முடிவில் குழு தான் வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கிற ரெட்ராஸ்பெக்டிவ்வுக்கு ‘நடை மீள்பார்வை’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.