சாரிஸார்ட் இஎக்ஸ் டெக்: கை நிறைய எனர்ஜி, சாரிஸார்ட் மட்டும் வருவதில்லை. எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

தழல்விழி:

வணக்கம். போக்கிமான் கார்டு விளையாட்டில் சாரிஸார்ட் இஎக்ஸ் டெக் வைத்து நண்பர்களோடு ஆடிவருகிறேன். 2023இல் அப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பில் வந்த சாரிஸார்ட் அது. தோற்பதைவிட, தோற்கும் விதம்தான் மனத்தை வருத்துகிறது. பெரும்பாலான ஆட்டங்களில் சாரிஸார்ட் களத்துக்கு வருவதற்குள் எதிராளி மூன்று பரிசு கார்டுகளை (எதிரே உள்ள போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை, ஆறையும் முதலில் எடுப்பவர் வெல்வார்) எடுத்துவிடுகிறார். ஒருவழியாக அது வந்தாலும் 180 சேதத்தில் எதிரே இருக்கும் இஎக்ஸ் (பலம் மிகுந்த, ஆனால் வீழ்ந்தால் இரண்டு பரிசு தரும் போக்கிமான்) வீழ்வதில்லை. எதிராளி ஆடும் அடுத்த முறையில் என்னுடையது வீழ்ந்துவிடுகிறது.

டெக் இதுதான்:

போக்கிமான் 13: சார்மாண்டர் 3, சார்மீலியன் 3, சாரிஸார்ட் இஎக்ஸ் 2, பிட்ஜி 1, பிட்ஜியோட்டோ 1, பிட்ஜியாட் இஎக்ஸ் 1, மிரைடான் இஎக்ஸ் 2

டிரெய்னர் 29: ப்ரொஃபஸர்ஸ் ரிசர்ச் 3, ஐயோனோ 2, ஆர்வென் 2, பாஸஸ் ஆர்டர்ஸ் 3, நெஸ்ட் பால் 3, அல்ட்ரா பால் 3, ரேர் கேண்டி 2, ஸ்விட்ச் 4, போஷன் 4, எனர்ஜி ரிட்ரீவல் 2, சூப்பர் ராட் 1

எனர்ஜி 18: நெருப்பு 14, மின்னல் 4

நண்பர்களில் ஒருவர் நீர் வகை டெக் வைத்திருக்கிறார். அவரைச் சமாளிக்கத்தான் மிரைடானைச் சேர்த்தேன். இன்னும் பலமான கார்டுகள் வாங்க வேண்டுமா, அல்லது ஆடும் முறையை மாற்ற வேண்டுமா?

நாற்பதாம்கார்டு:

முதலில் மிரைடானை எடுத்துவிடுங்கள். உங்கள் சாரிஸார்ட் கார்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அது டெரா எனப்படும் சிறப்புப் போக்கிமான். தாக்குதலுக்கு நெருப்பு எனர்ஜி கேட்டாலும் போக்கிமானின் வகை இருள். அதன் பலவீனம் புல், நீர் அல்ல. ஆகவே, நீர் டெக் உங்கள் சாரிஸார்டுக்குத் தனிப்பட்ட ஆபத்தே இல்லை. மிரைடானின் தாக்குதலுக்கோ இரண்டு மின்னலும் மேலும் ஓர் எனர்ஜியும் வேண்டும். டெக்கில் இருப்பதே நான்கு மின்னல். அந்த ஆறு கார்டுகளும் கைக்கு வரும்போதெல்லாம் ஓர் இடத்தை வீணாக்குகின்றன.

எண்ணிக்கை:

மேலே சொன்னது சரி. ஆனால் நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. உங்கள் டெக்கில் பலம் குறையவில்லை, நம்பகம்தான் குறைகிறது. கணக்கோடு சொல்கிறேன், கணக்கைப் பார்த்தால்தான் எந்த கார்டையும் மனம் விட்டு எடுக்க முடியும்.

உங்களிடம் அடிப்படை போக்கிமான் (பரிணாமமாக அல்லாமல் நேரே களத்தில் வைக்கக்கூடியவை) மொத்தம் ஆறு. 60 கார்டில் ஆறு என்றால், முதல் ஏழு கார்டில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை கையைத் திருப்பிக் கலைத்துப் புதிதாக எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எதிராளிக்குக் கூடுதலாக ஒரு கார்டு எடுக்கும் உரிமையும் தருகிறீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் முன்னே போய்விடுகிறார். அதே எண்ணிக்கை ஒன்பதானால் அந்த வாய்ப்பு 30 சதவீதமாகக் குறையும்.

அடுத்தது பிட்ஜியாட். இந்த டெக்கின் உயிர்நாடி அதுதான். ஒவ்வொரு முறையும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்டைக் கைக்குக் கொண்டுவரும் திறன் வேறு எதற்கு இருக்கிறது? அதை நீங்கள் ஒற்றை பிட்ஜி, ஒற்றை பிட்ஜியாட் என்று வைத்திருக்கிறீர்கள். 60இல் ஆறு கார்டு பரிசாக ஒதுங்குகிறது, ஆகவே ஒற்றையாக இருக்கும் எந்த கார்டும் பரிசில் மாட்டும் வாய்ப்பு 10 சதவீதம். பிட்ஜியும் பிட்ஜியாட்டும் இரண்டுமே வேண்டும் என்பதால், ஒன்றாவது அங்கே மாட்டும் வாய்ப்பு 19 சதவீதம். ஐந்தில் ஓர் ஆட்டத்தில் உங்கள் பிட்ஜியாட் திட்டம் தொடக்கத்திலேயே முடங்கிவிடுகிறது.

மூன்றாவது எனர்ஜி. சாரிஸார்டைக் கையிலிருந்து பரிணாமமாக வைக்கும்போது, டெக்கிலிருந்தே மூன்று நெருப்பு எனர்ஜி வரை தேடி எடுத்து, விரும்பிய போக்கிமான்களில் பொருத்தலாம். எனர்ஜி இருக்க வேண்டிய இடம் டெக், கை அல்ல! உங்களிடம் 14 இருப்பதால் கையில்தான் குவிகிறது. ஏழு போதும்.

நான் செய்யும் மாற்றம் இது. வெளியே போவது 23: மிரைடான் 2, மின்னல் 4, நெருப்பு 7, போஷன் 4, எனர்ஜி ரிட்ரீவல் 2, ஸ்விட்ச் 2, சார்மீலியன் 1, ரிசர்ச் 1.

உள்ளே வருவது 23: சார்மாண்டர் 1, சாரிஸார்ட் 1, பிட்ஜி 2, பிட்ஜியாட் 1, க்ளெஃபா 1, ஃபெஸாண்டிபிடி இஎக்ஸ் 1, ஆர்வென் 2, ஐயோனோ 2, பட்டி-பட்டி பாஃபின் 4, அல்ட்ரா பால் 1, ரேர் கேண்டி 2, சூப்பர் ராட் 1, கவுண்டர் கேட்சர் 1, டெக்னிக்கல் மெஷின் எவல்யூஷன் 2, பிரைம் கேட்சர் 1.

போஷனைப் பற்றி ஒரு வார்த்தை. 30 சேதத்தை ஆற்றுவதால் எந்த இஎக்ஸும் இன்னொரு தாக்குதலைத் தாங்கிவிடாது. நான்கு போஷன் இருந்த இடத்தில் நான்கு பாஃபின் வந்தால், 70 எச்பி (தாங்கக்கூடிய சேத அளவு) வரையிலான அடிப்படை போக்கிமான் இரண்டு நேரே பெஞ்சில், அதாவது முன்னால் நிற்பதற்குப் பின்னுள்ள இடங்களில், வந்து அமரும். சார்மாண்டரில் பல பதிப்புகள் உண்டு. எச்பி 70ஐத் தாண்டாததைப் பார்த்து வாங்குங்கள்.

தழல்விழி:

மிக்க நன்றி. பலவீனம் புல் என்பதை இப்போதுதான் கவனித்தேன். இரண்டு சந்தேகங்கள். ஏழு எனர்ஜி என்றால் முதல் முறையில் கையில் ஒன்றுகூட இல்லாமல் போகாதா? ஸ்விட்ச் இரண்டு போதுமா? மாட்டிக்கொண்டால் பின்வாங்க முடியாதே.

எண்ணிக்கை:

நியாயமான கேள்வி. ஏழு கார்டு கையோடு முதல் முறையில் எடுக்கும் ஒன்றையும் சேர்த்து எட்டு கார்டில், குறைந்தது ஒரு நெருப்பு எனர்ஜியாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். மூன்றில் ஓர் ஆட்டத்தில் வராது. அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுக்கிறோம். எட்டாக உயர்த்தினாலும் தவறில்லை. பத்துக்கு மேல் போகாதீர்கள்.

ஸ்விட்ச் கவலை வேண்டாம். பிட்ஜியாட் இஎக்ஸ் பின்வாங்க எனர்ஜியே தேவையில்லை. முன்னால் இருப்பது வீழ்ந்தால் பிட்ஜியாட்டை முன்னே நிறுத்தி, தேடலை முடித்துக்கொண்டு, செலவின்றிப் பின்வாங்கி, சாரிஸார்டை முன்னே கொண்டுவரலாம்.

மறுமுனை:

கார்டு பட்டியல் திருந்திவிட்டது. இனி ஆடும் முறை. தழல்விழி கேட்ட "180 போதவில்லை" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாரிஸார்டின் தாக்குதல் 180. எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசு கார்டுக்கும் 30 கூடும். அவர் இரண்டு எடுத்திருந்தால் 240, நான்கு எடுத்திருந்தால் 300. இந்த டெக் முந்தி ஓடுவதற்காக அமைந்ததல்ல. பின்தங்கியிருக்கும்போதுதான் அதன் வேகம் கூடுகிறது. ஆகவே எதிராளி முதல் இரண்டு பரிசை எடுத்ததும் பதறாதீர்கள். அவர் ஒரு சாரிஸார்டை வீழ்த்தினால் அடுத்த சாரிஸார்ட் 240இல் தொடங்கும். மிரைடான் இஎக்ஸ் போன்ற 220 எச்பி உள்ளவை அதற்குள் அடங்கிவிடும்.

அதற்கு இரண்டாவது சாரிஸார்ட் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? முதல் சாரிஸார்ட் வரும்போது கிடைக்கும் மூன்று எனர்ஜியையும் அதன் மேலேயே பொருத்தாதீர்கள். தாக்குதலுக்கு இரண்டே போதும். மூன்றாவதை பெஞ்சில் உள்ள சார்மாண்டருக்குக் கொடுங்கள்.

180 மட்டுமே இருக்கும் தொடக்க முறைகளில் எதிரே நிற்கும் பெரிய இஎக்ஸை இருமுறை அடிப்பதும் வீண். பாஸஸ் ஆர்டர்ஸ் வைத்து பெஞ்சிலிருந்து சிறியதை இழுங்கள். அது அவர்களுடைய அடுத்த பரிணாமத்துக்கான அடிப்படை போக்கிமானாக இருந்தால் பரிசும் கிடைக்கும், அவர்களின் திட்டமும் குலையும். அதே இருள் வகை ஓரிடத்தில் பெரும் வரமாகவும் ஆகிறது. கார்டெவோர் இஎக்ஸின் பலவீனம் இருள், எச்பி 310. உங்கள் 180 அங்கே இரட்டிப்பாகி 360.

நாற்பதாம்கார்டு:

டஸ்க்நாயரைச் சேர்க்கலாமே? டஸ்கல் 2, டஸ்க்ளாப்ஸ் 1, டஸ்க்நாயர் 1. தன்னையே வீழ்த்திக்கொண்டு எதிராளியின் ஒரு போக்கிமான் மேல் 13 சேதக் குறிகளை வைக்கும், அதாவது 130. அது வீழ்வதால் எதிராளி ஒரு பரிசு எடுப்பார். உடனே சாரிஸார்டின் தாக்குதல் 210 ஆகும். 130உம் 210உம் 340. எதிராளியின் சாரிஸார்டும் 330 எச்பிதான். நீங்கள் ஆடும் அந்த ஒரே முறைக்குள் வீழ்ந்துவிடும்.

மறுமுனை:

அந்தக் கணக்கு அழகானது, மறுக்கவில்லை. ஆனால் இப்போதே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே இரண்டு இரண்டாம் நிலைப் பரிணாமங்கள் ஒரே டெக்கில் இருக்கின்றன. மூன்றாவது வந்தால், அடிப்படையிலிருந்து நேரே இரண்டாம் நிலைக்குத் தாவ உதவும் ரேர் கேண்டிக்கு மூன்று பக்கமும் போட்டி. பெஞ்சில் ஐந்து இடம்தான். முதலில் சாரிஸார்டும் பிட்ஜியாட்டும் தடையின்றி வரும் அளவுக்கு இந்த டெக் கைக்குப் பழகட்டும். பிறகு ஃபெஸாண்டிபிடி, க்ளெஃபா, ஒரு நெஸ்ட் பால், கவுண்டர் கேட்சர் ஆகிய நான்கையும் எடுத்துவிட்டு டஸ்க்நாயரை வைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை:

நானும் மறுமுனையின் பக்கம். ஆனால் அப்போதும் ஃபெஸாண்டிபிடியை விட்டுவைப்பேன். முந்தைய முறையில் நம் போக்கிமான் வீழ்ந்திருந்தால் மூன்று கார்டு எடுக்கலாம் என்பது பின்தங்கி ஆடும் இந்த டெக்குக்காகவே செய்ததுபோல் இருக்கிறது.

தழல்விழி:

மாற்றிய டெக்கோடு சில ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டேன். தொடக்கத்தில் கை முடங்குவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இரண்டாவது சார்மாண்டருக்கு எனர்ஜி கொடுத்து வைக்கும் யோசனைக்காக மறுமுனைக்குத் தனி நன்றி. நீர் டெக்கை அப்படித்தான் வென்றேன்.

இப்போது ஒரே குழப்பம். கையில் ஒரு ரேர் கேண்டி. சாரிஸார்டும் இருக்கிறது, பிட்ஜியாட்டும் இருக்கிறது. எதை முதலில் வைப்பது? டெக்னிக்கல் மெஷினை எப்போது பயன்படுத்துவது என்பதும் இன்னும் பிடிபடவில்லை.

எண்ணிக்கை:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

டெக்னிக்கல் மெஷின் எவல்யூஷன், நீங்கள் இரண்டாவதாக ஆடும்போதுதான் முழுப் பயன் தரும். முதலில் ஆடுபவர் முதல் முறையில் சப்போர்ட்டரும் (ஆர்வென், ஐயோனோ போன்ற, முறைக்கு ஒன்றே ஆடக்கூடிய டிரெய்னர் கார்டு) பயன்படுத்த முடியாது, தாக்கவும் முடியாது. இரண்டாவதாக ஆடும் நீங்கள் ஆர்வென் வைக்கலாம். அது ஓர் ஐட்டமும் ஒரு டூலும் தேடித் தரும். ஐட்டமாக பாஃபின், டூலாக டெக்னிக்கல் மெஷின். பாஃபின் மூலம் பெஞ்சுக்கு ஒரு சார்மாண்டரும் ஒரு பிட்ஜியும் வரட்டும். முன்னால் இருப்பதன் மேல் மெஷினையும் ஓர் எனர்ஜியையும் பொருத்தித் தாக்குங்கள். பெஞ்சில் உள்ள இரண்டுக்கும் அடுத்த நிலையை டெக்கிலிருந்தே தேடி வைக்கலாம். இது தாக்குதலின் விளைவு என்பதால் அப்போதுதான் வந்த போக்கிமானும் பரிணமிக்கும். ரேர் கேண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் முறையிலும், அதே முறையில் வந்த அடிப்படை மேலும் அது செல்லாது.

மறுமுறையில் சார்மீலியன் மேல் சாரிஸார்ட், பிட்ஜியோட்டோ மேல் பிட்ஜியாட். ரேர் கேண்டியே தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாரிஸார்டைக் கையிலிருந்து வைத்தால்தான் எனர்ஜி கிடைக்கும். மெஷின் மூலம் சார்மீலியனைச் சாரிஸார்டாக்கினால் அந்த மூன்று எனர்ஜியும் போயிற்று.

மெஷின் கிடைக்காமல் ஒரே ரேர் கேண்டியோடு நின்றால், என் வழி பிட்ஜியாட் முதலில். வைத்த அதே முறையில் தேடலாம். இரண்டாவது ரேர் கேண்டியை எடுத்து, முந்தைய முறையில் வைத்த சார்மாண்டர் பெஞ்சில் இருந்தால் சாரிஸார்டையும் அப்போதே வைத்துவிடலாம்.

மறுமுனை:

அதற்கு ஒரு விதிவிலக்கு. அந்த ரேர் கேண்டி ஏற்கெனவே பரிசில் மாட்டியிருக்கலாம், அல்லது செலவாகிக் குப்பைக் குவியலில் கிடக்கலாம். முதல்முறை டெக்கைத் தேடும்போதே, என்னென்ன பரிசில் போயிருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். டெக்கில் இன்னொரு ரேர் கேண்டி இல்லையென்றாலோ, எதிராளி அடுத்த முறையே உங்கள் சார்மாண்டர்களை வேட்டையாடப் போகிறார் என்றாலோ, சாரிஸார்டையே முதலில் வையுங்கள். 330 எச்பியை ஒரே தாக்குதலில் வீழ்த்த அந்த நேரத்தில் பெரும்பாலும் அவரால் முடியாது.

நாற்பதாம்கார்டு:

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. கார்டின் கீழ் இடது மூலையில் ஓர் எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்ட் வடிவத்திலிருந்து பழைய எழுத்துகள் காலத்துக்குக் காலம் விலக்கப்படுகின்றன. அப்சிடியன் ஃபிளேம்ஸ் சாரிஸார்டில் இருப்பது ஜி. பதிவு செய்யும் முன் எந்த எழுத்துகள் செல்லும் என்று பாருங்கள். நண்பர்களோடு ஆடுவதற்கு அது தடையில்லை.

தழல்விழி:

தெளிவாகிவிட்டது. பரிசு கார்டுகளை எண்ணும் பழக்கம் என்னிடம் இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். எனர்ஜியை எட்டாக்கி, கவுண்டர் கேட்சரை எடுத்துவிட்டேன். டஸ்க்நாயர் கொஞ்ச காலம் கழித்து.